ஸ்டாம்பு அக்கா ஜாக்கெட்டின் உள்பக்கம்

துணிக்கடைக்குப் போனால் நான் சட்டையை முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன். கலர் பிறகு, விலை அதற்கும் பிறகு. போன மாதம் தாம்பரத்தில் ஒரு நாலு மாடிக் கடையில் அப்படித் திருப்பிக்கொண்டு நின்றபோது, அங்கே வேலை செய்கிற பையன், "பெரியவரே, புது பீஸ், கசக்காதீங்க" என்றான். என் மருமகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆட்டோவில், "உள்ள அப்படி என்னதான் மாமா தேடுறீங்க?" என்று கேட்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கும் என் வயது இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் நீங்களும் அரை டிராயர் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள்தானே. அந்த டிராயரைத் திருப்பிப் போட்டால் தொடை இடுக்கில் நூல் பிசிறு தொங்கும். வெயில் காலத்தில் அது உரசி உரசித் தோல் சிவந்துவிடும். அம்மாவிடம் சொன்னால் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். அதோடு சரி. துணிக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பதையே யாரும் நினைக்காத காலம் அது.

என் அப்பா லேடீஸ் டெய்லர். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. கடை என்றால் ஒரு கால் மிஷின், ஒரு வெட்டுப் பலகை, அப்பா, அவ்வளவுதான். நான் உட்காரவேண்டும் என்றால் பலகைக்குக் கீழேதான். மிஷின் எண்ணெய் வாசனையும் புதுத் துணியின் கஞ்சி வாசனையும் அங்கே ஒன்றாக இருக்கும். எலெக்ட்ரிக் ரயில் போனால் கம்பியில் தொங்குகிற ஜாக்கெட்டுகள் எல்லாம் லேசாக ஆடும். ஏர்ஃபோர்ஸ் விமானம் தலைக்கு மேல் போனால் அப்பா மிதிப்பதை நிறுத்திவிடுவார். மிஷின் சத்தம் காதில் விழாமல் தைக்க மாட்டார்.

எங்கள் வீடு முடிச்சூர் போகிற வழியில். அப்போது அங்கே வயல்தான், மழை பெய்தால் சாலை எது ஏரி எது என்று தெரியாது. அப்பா கடையில் வெட்டி மிஷின் போடுவார். ஓரத்தைக் கையால் மடித்துத் தைப்பதும் கொக்கி வைப்பதும் வீட்டில் அம்மா. சாயங்காலம் மூட்டையைக் கொண்டுவந்து கொடுப்பதும் காலையில் திரும்பக் கொண்டுபோவதும் நான்.

தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போதே சந்து நிறைந்துவிடும்.

"மாஸ்டர், இந்த ஜாக்கெட் எந்த வருஷ தீபாவளிக்கு?" என்று மார்க்கெட்டில் பூ விற்கிற அம்மா கேட்பார்.

"இந்த வருஷத்துக்குத்தாம்மா."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. பொங்கலுக்குக் குடுத்த. அதுக்குள்ள நான் ஒரு சுத்து பெருத்துட்டேன்."

"அதுக்குத்தான் உள்ள ரெண்டு வெரல் துணி விட்டு வெச்சிருக்கேன். பிரிச்சி விட்டுக்கோ."

அந்த இரண்டு விரல் துணிதான் விஷயம். பிரித்து விட வேண்டும் என்பதற்காக எல்லா டெய்லரும் உள்பக்கம் துணி விடுவார்கள். அதன் வெட்டிய ஓரம் பிசிறு பிசிறாக அப்படியே கிடக்கும். அந்த ஓரத்தின் மேல் ஒரு துணிப்பட்டையை மடித்து மூடித் தைக்கலாம். அதற்குக் கிராஸ் பட்டி என்று பெயர். துணியை மூலையோடு மூலை மடித்துக் கோணலாக ஒரு அங்குல அகலத்துக்கு வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் விறைத்துக்கொண்டு நிற்கும். கோணலாக வெட்டினால்தான் வளைவில் படுக்கும். கழுத்துக்கு எல்லோரும் வைப்பார்கள், அது வெளியே தெரிகிற இடம். உள்தையலுக்கு யாரும் வைப்பதில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு அப்படி வைக்கிற நேரத்தில் மூன்று ஜாக்கெட் தைத்துவிடலாம்.

அந்த வருஷ மழைக்கு முன்னால் கடைக்குப் புதிதாக வர ஆரம்பித்தவர்தான் ஸ்டாம்பு அக்கா. தபால் ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டாம்பு கொடுப்பார். சேலையூர்ப் பக்கம் ஒரு போர்ஷனில் தனியாக இருந்தார். ஒல்லியாக, சிவப்பாக இருப்பார். எந்த வெயிலிலும் முந்தானையை இரண்டு தோளையும் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் வருவார். ஜாக்கெட்டுக் கை முழங்கை வரைக்கும். எதிரே இருந்த டீக்கடைக்காரர், "ஸ்டாம்பு அம்மாவுக்கு மட்டும் தாம்பரம் ஊட்டி மாரி கீது போல" என்று சொல்லிச் சிரிப்பார். சந்தே சிரிக்கும். அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை.

அக்காவும் அப்பாவும் மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பார்கள். அந்தக் காலத்தில் லேடீஸ் டெய்லர் டேப் வைத்து அளவு எடுக்க மாட்டார். சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதுதான் அளவு. அக்காவும் ஒன்று கொடுத்தார். "இதே அளவு. கழுத்து மட்டும் இறக்க வேண்டாம்" என்றார். போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் அப்பா அந்த ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். நான் பலகைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். முதுகுத் தையல் ஓரமாக, கை வந்து சேருகிற கைக்குழி வளைவு ஓரமாக, டீ கொட்டிக் காய்ந்தது போல மங்கலாகக் கறை. துவைத்துத் துவைத்தும் போகாத கறை. அப்பா அதை நகத்தால் மெதுவாகச் சுரண்டினார்.

"இன்னாப்பா அது?"

"ஒண்ணுமில்ல. பிசிறு."

மடித்து மிஷின் டிராயரில் வைத்துவிட்டார்.

அந்த வாரம்தான் வீட்டில் வேட்டி காணாமல் போனது. அப்பாவின் தலை தீபாவளிக்கு அம்மாவின் அப்பா எடுத்துக் கொடுத்த மல் வேட்டி. பத்துப் பன்னிரண்டு வருஷம் துவைத்து அது மெலிந்து, முகத்தில் போட்டுக்கொண்டால் மூச்சுக்கே விலகுகிற மாதிரி ஆகியிருந்தது. அதை யாரும் கட்டுவதில்லை. தீபாவளி அன்றைக்கு மட்டும் அம்மா பெட்டியிலிருந்து எடுத்து மஞ்சள் வைத்து அப்பாவிடம் கொடுப்பார்கள். தாத்தா அதற்குள் இறந்துபோயிருந்தார். அவர் வீட்டிலிருந்து வந்து மிச்சம் இருந்த பொருள் அது ஒன்றுதான்.

"எங்கடா வேட்டி? காத்தாடிக்கு வால் கட்டிட்டியா?"

"நான் எடுக்கலம்மா."

"பின்ன அதுவா எழுந்து நடந்து போச்சா?"

விழுந்தது ஒரு அறை. காது இரைந்தது. அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பையன் எடுக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அறையை வாங்க விட்டுவிட்டார். இதை நான் புரிந்துகொண்டபோது எனக்கே ஒரு பையன் இருந்தான்.

மறுநாள் கடையில் அப்பா வெள்ளைத் துணி ஒன்றைக் கோணலாகக் கீறிக்கொண்டிருந்தார். ஒரு அங்குலப் பட்டைகள் பலகையிலிருந்து என் தலை மேல் தொங்கின. ஊதினால் பறந்தன. அது என்ன துணி என்று எனக்குத் தோன்றவே இல்லை. கன்னம் வீங்கிக் கிடக்கிறது, தலைக்கு மேலே அந்த வேட்டி ஆடுகிறது, நான் ஊதி ஊதி விளையாடிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டாம்பு அக்காவின் புது ஜாக்கெட்டுக்கு அப்பா எல்லா உள்தையலுக்கும் பட்டி வைத்தார். தோள், முதுகு, பக்கம், கைக்குழி வளைவு. ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை. தைத்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தையலையும் கீழ் உதட்டின் மேல் வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

"இன்னாப்பா பண்றே?"

"குத்துதான்னு பாக்கறேன். ஊசி புடிச்சிப் புடிச்சி கை மரத்துப் போச்சிடா. ஒதட்டுலதான் தெரியும்."

அக்காவின் ஜாக்கெட்டு மட்டும் வீட்டுக்கு வராது. கொக்கிகூட அப்பாவே வைத்துவிடுவார். அப்படி ஒன்று முடிந்து, அக்கா வாங்கிப் போய், தீபாவளிக்கென்று நீலத் துணி ஒன்றும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதையும் அப்பா பட்டி வைத்துத் தைத்து டிராயருக்குள் வைத்திருந்தார். ஒரு சாயங்காலம் அவர் நூல் வாங்கப் போயிருந்தபோது நான் மூட்டை கட்டினேன். டிராயர் திறந்திருந்தது. கொக்கி வைக்காத நீல ஜாக்கெட்டு. அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்து, அதையும் சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு நடந்தேன். கெட்டிக்காரப் பையன்.

அம்மா கொக்கி வைக்க அதைத் திருப்பினார்கள். திருப்பின கை அப்படியே நின்றது. பட்டியை விரலால் தடவிக்கொண்டே போனார்கள். கைக்குழி வளைவில் வந்ததும் விரல் நின்றது. அங்கே கறுப்பாக ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் இரண்டு புள்ளி, கோணலாகப் பாதி வெட்டுப்பட்டு. வெளுக்கிறவர் எங்கள் வீட்டுத் துணிக்குப் போடுகிற குறி அது. ஒரு கோடு, மூன்று புள்ளி.

"இது யாருதுடா?"

"ஸ்டாம்பு அக்காவுது."

"அப்பா தெச்சத நீ பாத்தியா?"

"பாத்தேன்மா. தெச்சிட்டு ஒதட்டுல வெச்சி வெச்சிப் பாத்தாரு."

நான் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். அம்மாவின் முகம் அப்போது எப்படி ஆனது என்பதை இன்றைக்கு வரைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. கத்துவார்கள் என்று பார்த்தேன், கத்தவில்லை. எழுந்து போய்த் தன் துணிப்பெட்டியைத் திறந்து, தன் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள். எல்லாம் அப்பா தைத்தது. எல்லாவற்றிலும் பிசிறு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி நேரம் என்பதால் அப்பா கடைக்குப் போய்விட்டார். அம்மா நீல ஜாக்கெட்டை ஒரு பையில் போட்டு, "அவ வூடு உனக்குத் தெரியுமில்ல. நட" என்றார்கள். முன்பு ஒரு தடவை அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறேன். முடிச்சூர் ரோட்டிலிருந்து ஸ்டேஷன் வரை, ஸ்டேஷன் பாலம் ஏறிக் கிழக்கே இறங்கி, சேலையூர் வரை, தூறலில் நடந்தோம். பாலத்தின் மேல் நின்று ரயில் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். அம்மா என் கையை விடவே இல்லை.

அக்கா கதவைத் திறந்தார். தலை குளித்து ஈரமாக இருந்தது. வீட்டிலும் முந்தானையைப் போர்த்தியிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க. டெய்லர் வீட்டிலிருந்தா? உட்காருங்கக்கா."

"உக்கார வர்ல." அம்மா பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து உள்பக்கம் திருப்பி அவர் முன்னால் நீட்டினார்கள். "இது எங்கப்பன் எம் புருஷனுக்கு எடுத்துக் குடுத்த வேட்டி. தலை தீபாவளிக்கு. இது உன் ஒடம்புல இன்னாத்துக்கு ஏறுது?"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜாக்கெட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுக்கா. போன தடவையும் இப்படித்தான் இருந்தது. அவர் எல்லாருக்கும் இப்படித்தான் தைப்பார்னு நினைச்சேன்."

"எல்லாருக்குமா? கட்டின பொண்டாட்டி எனக்கு எப்டி கீது பாரு." அம்மா தன் ஜாக்கெட்டின் கையை வெடுக்கென்று திருப்பிக் காட்டினார்கள். பிசிறு தொங்கியது. "தாம்பரத்துல அந்தாளு தெச்ச ஜாக்கெட்ட எவகிட்ட வேணா வாங்கித் திருப்பிப் பாரு. உனக்கு மட்டும்தான் பட்டி. உனக்கு மட்டும்தான் ஒதட்டுல வெச்சிப் பாத்துத் தரான்."

அக்கா அம்மாவின் கையில் தொங்கிய அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மட்டும்னா," என்று மெதுவாகச் சொன்னார், "அப்போ அவருக்குத் தெரியுமா?"

"இன்னா தெரியும்?"

அக்கா எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். நான் ஒருவன் நிற்கிறேன் என்பதே அவருக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். திரும்பி நின்று முந்தானையை விட்டுவிட்டு, ஜாக்கெட்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

ஜார்ஜெட் துணி மேல் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டால் எப்படிச் சுருங்கிப் பளபளவென்று ஆகும், பார்த்திருக்கிறீர்களா? அப்படி. கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரைக்கும் அப்படி. ஜாக்கெட்டின் தையல் எங்கெங்கே போகுமோ அங்கெல்லாம் கோடு கோடாகத் தோல் கிழிந்து ஆறியிருந்தது. முதுகில் யாரோ மார்க் சாக்பீஸால் ஜாக்கெட் வரைந்தது போல.

"ஸ்டவ் வெடிச்சதுன்னு எழுதினாங்க," என்றார் அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டே. "புருஷன் வீட்டுல."

அந்தக் காலத்தில் எத்தனை ஸ்டவ் வெடித்தது என்று உங்களுக்கும் தெரியும். எந்த வீட்டில் வெடித்தாலும் மருமகள் பக்கத்தில்தான் வெடித்தது. எழுதினாங்க என்று அக்கா சொன்னது அப்போது என் காதில் சும்மா விழுந்தது. பிற்பாடு நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் மேடவாக்கம் கூட்ரோட்டில், டிராஃபிக்கில் நிற்கும்போது, அந்த வார்த்தை திடீரென்று புரிந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். எனக்குக் கியர் போடத் தோன்றவில்லை.

அம்மா சுவரில் சாய்ந்துவிட்டார்கள். வாயில் புடவையை வைத்து அழுத்திக்கொண்டார்கள். பிறகு கையை நீட்டினார்கள். தொடுவதற்கா, ஜாக்கெட்டை ஏற்றிவிடுவதற்கா, தெரியவில்லை. தொடவும் இல்லை, ஏற்றிவிடவும் இல்லை.

"மன்னிச்சிடு தாயி."

"யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுதான்கா இந்த ஊருக்கு மாத்தல் வாங்கிக்கிட்டு வந்தேன்." அக்கா முந்தானையை இழுத்துச் சரியாகப் போர்த்திக்கொண்டார். அழவில்லை. "நீங்க வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம். இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் அம்மா நின்றார்கள். "ரயிலு பாக்கணும்னியே, பாரு" என்றார்கள். இரண்டு ரயில் போயின. நான் எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா நீல ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தார்கள். அன்றைக்கு ஒரு கொக்கிக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? சாயங்காலம் நான் அதை டிராயரிலேயே வைத்துவிட்டேன். அப்பா பார்த்தார். கொக்கியையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டி எங்கே என்று அந்தத் தீபாவளிக்கோ அடுத்த தீபாவளிக்கோ அம்மா கேட்கவே இல்லை.

அக்கா ஜாக்கெட்டு வாங்க வரவில்லை. தீபாவளி வந்தது, போனது. மழை விட்டது. ரயில் போகும்போதெல்லாம் கம்பியில் நீல ஜாக்கெட்டு மட்டும் ஆடும். அப்பா சந்து முனையைப் பார்ப்பார். ஒரு நாள் என்னிடம், "தபால் ஆபீஸ்ல போயி, ஜாக்கெட் ரெடியா கீதுன்னு சொல்லிட்டு வாடா" என்றார்.

போனேன். ஜன்னலுக்குப் பின்னால் அக்கா இருந்தார். புதிதாக ஒரு ரோஸ் ஜாக்கெட்டு, வேறு யாரோ தைத்தது. ஸ்டாம்பு கிழித்துக் கொடுக்கும்போது வலது கையை உடம்பிலிருந்து தள்ளித் தூக்கியே பிடித்திருந்தார். டெய்லர் பையன் எனக்கு அது எதனால் என்று தெரிந்தது. கைக்குழி உரசுகிறது. என்னைப் பார்த்ததும் அக்காவின் கை நின்றது.

"அப்பாகிட்ட, நான் வேற இடத்துல குடுத்துட்டேன்னு சொல்லிடு," என்றார். நான் நகரும்போது, "பத்திரமா ரோடு தாண்டிப் போ" என்றார்.

அதை அப்பாவிடம் சொன்னேன். கடையில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பாடு கொண்டுவந்த அம்மா வாசலில் உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வேற இடத்துலயா?" அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எங்கனா குத்திச்சாமா? எதனா சொன்னாங்களா?"

"இல்லப்பா."

அப்பா நீல ஜாக்கெட்டை எடுத்துத் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டு, தோள் தையலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக உதட்டில் வைத்து இழுத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் ஊசி பாதியில் நின்றிருந்தது. அம்மா என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும், அக்கா வராதது தையலால் இல்லை என்று. அந்த வார்த்தை இரண்டு பேருக்கும் தெரியும். அக்கா சொல்ல வேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை என்றுதான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மட்டும் காரணம் இல்லை. நீ உதட்டில் வைத்ததை நான்தான் சொன்னேன் என்று அப்பாவிடம் சொல்ல எனக்குப் பயம்.

"கைக்குழிதான்," என்றார் அப்பா கடைசியில். "மொத ஜாக்கெட்டுல இங்கதான் குத்தியிருக்கும். என் தப்புதான்." பிளேடை எடுத்துப் பட்டியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. மாரடைப்பு, மிஷின் மேலேயே. காரியம் எல்லாம் முடிந்த பிறகு கடையைக் காலி செய்தோம். டிராயருக்குள் ஒரு பழைய பேப்பரில் சுற்றி நீல ஜாக்கெட்டு இருந்தது. நீலம் வெளுத்திருந்தது. பட்டி மட்டும் அப்படியே இருந்தது. திருப்பினேன். தையலைப் பிரித்தால் ஊசி போன ஓட்டை துணியில் தங்கிவிடும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைக்குழி வளைவில் தையலுக்குப் பக்கத்தில் ஓட்டை வரிசை ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. வெளிச்சத்தில் பிடித்தால் துணி சல்லடை மாதிரி இருந்தது. வருஷக்கணக்காகப் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

அம்மா என்னிடமிருந்து அதை வாங்கினார்கள். பல் எல்லாம் போன காலம், உதடு உள்ளே மடிந்திருந்தது. உதட்டைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து, தோளிலிருந்து ஆரம்பித்து, முதுகு, பக்கம், கைக்குழி என்று ஒரு தையல் விடாமல் இழுத்துப் பார்த்தார்கள். நான் காலியான மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். ரயில் ஒன்று போனது.

"குத்தலடா," என்றார்கள் அம்மா. "எங்கயுமே குத்தல."